தலைகீழாய்க் காய்ந்த வேலி

எங்கள் நிலத்தை விலை பேசப் போன நாளில் அந்த நிலத்தை நாங்கள் பார்க்கவே இல்லை. செம்மநத்தம் செல்லும் குறுகிய சாலையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தரகர் கைநீட்டிய திசையில் நோக்கினோம். ஆளுயரத்துக்கு மேல் உண்ணிச்செடி மண்டி நின்றது. மஞ்சளும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்புமாய்ப் பூத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, மரங்களின் கழுத்துவரை பற்றிப் படர்ந்து, சரிவின் மேல்விளிம்பு தொட்டுக் கீழே காட்டின் எல்லை வரைக்கும் ஒரே பசுங்கூரையாய்க் கிடந்தது. அதன் அடியில் பாறை உண்டு, பலா உண்டு, பழைய காப்பிச்செடிகள் உண்டு என்று தரகர் சொன்னதை நம்பினோம். நான் சேலத்துக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றிருந்தேன். என் கணவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வெயிலுக்கு அஞ்சி மலையேறிய எங்களுக்குக் கண்ணால் காணாத பலாமரமும் போதுமானதாய் இருந்தது.

பேச்சு முடிந்து திரும்புகையில், சரிவின் மேல்மூலையில் இருந்த ஓட்டு வீட்டிலிருந்து ஒருவர் விரைந்து இறங்கி வந்தார். ஏற்காட்டுக் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். எங்கள் நிலத்தை ஒட்டிக் கிழக்கே கிடந்த காப்பித்தோட்டமும் அவருடையதே.

"ஏனுங்க, நீங்கதான் இதை வாங்கறீங்களா?"

"பேசிட்டிருக்கோம்" என்றார் என் கணவர்.

"வாங்கிட்டு வெட்டுவீங்களா, இல்ல போர்டு நட்டுட்டுப் போயிருவீங்களா?"

"வாங்கினா வெட்டத்தானே வேணும்?"

"அப்படித்தானுங்க எல்லாரும் சொல்றது. இதுக்கு முன்னாடி வெச்சிருந்தவரும் சொன்னாருங்க. அவரு மூஞ்சிய நான் ரெண்டு தடவைதான் பாத்தேன். இந்த உண்ணிச்செடி மூஞ்சியத் தெனமும் பாக்கறேன்."

சொல்லிவிட்டு, நாங்கள் யாரென்று தரகரிடம் விசாரித்தபடியே தம் வீட்டின் பின்புறத்துக்கு எங்களை அழைத்துச் சென்றார். அடுப்படிச் சன்னலில் நின்று துடைப்பத்தை நீட்டினால் புதரைத் தொடலாம். அவ்வளவு அருகில் நின்றது அது. மார்கழி கழிந்து காற்றில் ஈரம் வற்றியதும் கீழ்க்காட்டில் எங்கேனும் ஓரிடத்தில் தீப் பிடிக்கும். காட்டுத்தீ தரையோடு தவழ்ந்து வந்தால் பச்சைக் கொப்புகளால் அடித்து அணைத்துவிடலாம். உண்ணிப்புதரில் ஏறிவிட்டாலோ அதை யாராலும் நெருங்க முடியாது. பச்சையாய் இருக்கும்போதே எண்ணெய் வார்த்ததுபோல் எரியும் செடி அது. தீ எப்போதும் மேட்டை நோக்கியே ஏறும். கீழே காடு, நடுவே எங்கள் புதர், மேலே அவர் வீடு.

"ஒரு வருசம் இந்தச் சமையக்கட்டு ஓடு அத்தனையும் படபடன்னு வெடிச்சுப்போச்சுங்க, டீச்சரம்மா. ஊடு பொழச்சது அல்லா புண்ணியம். அன்னையிலிருந்து தை பொறந்தா எனக்குக் கடையில உக்காந்தாலும் கண்ணு மலையிலதான் இருக்கும். ஆரோ சருகு எரிச்சாக்கூட ஷட்டரப் பாதி எறக்கிட்டு வண்டிய எடுத்துருவேன்."

பின்சுவரை ஒட்டி இரண்டு நீலப் பீப்பாய்கள் விளிம்பு தளும்ப நீர் நிறைந்து நின்றன. அவற்றின் மேல் நனைத்த சாக்குகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அப்போது அவருடைய மனைவி குழாயடியிலிருந்து குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். பீப்பாய்களைப் பார்த்த என் பார்வையைப் புரிந்துகொண்டு, குடத்தை இறக்கும் முன்பே சொல்லத் தொடங்கினார்.

"அந்த டிரம்முத் தண்ணிய நான் தொட்டா இந்த ஊட்ல பெரிய பஞ்சாயத்துங்க, அக்கா. தண்ணி ரெண்டு டிரம்முல சும்மா நிக்கும். நான் கொடத்தத் தூக்கிட்டுக் குழாயடியில நிப்பேன். இவரு நெருப்புக்குத்தான் தண்ணி சேத்து வெக்கறாரு, பொண்டாட்டிக்கு இல்ல."

"நெருப்பு சொல்லிட்டா வரும்?" என்றார் கடைக்காரர்.

"உங்க அக்கா ஊட்டு ஆளுங்க சொல்லாமத்தான் வர்றாங்க. அவங்களுக்கும் ஒரு டிரம்மு வையுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

என் கணவர் சிரித்தார். ஆனால் சாலைக்கு ஏறும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. நிலத்தை வாங்குகிறவன் அதில் முளைத்திருப்பதையும் சேர்த்தே வாங்குகிறான் என்று அவர் சொன்னார். பத்திரம் முடிந்த நாளில் கடைக்காரரிடம், அவருடைய பின்சுவரிலிருந்துதான் வேலையைத் தொடங்குவோம் என்று வாக்களித்தார். அந்த வாக்கு நிறைவேறும்வரை எங்களுக்குள் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. எங்கள் செடி இன்னொருவர் வீட்டைக் கொளுத்திவிடக் கூடாது; அந்த நாள்களில் எங்களுக்கு இருந்த கவலை அது ஒன்றே.

ஆடியில் மழை இறங்கி மண் இளகியதும் வேலை தொடங்கியது. செம்மநத்தத்திலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். மூவருள் மூத்தவர் வாய்த்துடுக்கு மிக்கவர். அவருடைய தம்பி மண்வெட்டியும் கடப்பாரையுமாய் உடன் வந்தார். அரிவாளால் தரையோடு வெட்டிச் சாய்ப்பது அவர்கள் வழக்கம். அப்படி வெட்டினால் அடுத்த மழையில் ஒரு தூருக்கு ஒரு கற்றைக் கிளைகள் வெடித்துக் கிளம்பும். இதை அவர்களும் அறிவார்கள், அறிந்தே வெட்டுவார்கள்.

"வெட்டி உட்டா அடுத்த வருசமும் எங்களுக்கு வேலை இருக்குமுங்க. நீங்க வேரோட எடுத்துட்டீங்கன்னா நாங்க எங்கீங்க போறது?" என்று மூத்தவர் கேட்டார்.

என் கணவருக்கு வனத்துறையில் பணியாற்றிய நண்பர் ஒருவர் வேறு முறை சொல்லிக்கொடுத்திருந்தார். தூரைச் சுற்றி மண்ணை விலக்கி, தண்டும் வேரும் கூடும் கழுத்தைக் கண்டு, அதற்கு ஒரு சாண் கீழே ஆணிவேரைத் துண்டிக்க வேண்டும். கழுத்துக்குக் கீழுள்ள வேர் மறுபடி துளிர்ப்பதில்லை. பிறகு செடியை முழுதாகத் தூக்கித் தலைகீழாக நிறுத்திவிட வேண்டும். கிளை கீழும் வேர் மேலுமாக நின்றால் வேருக்கு மண் கிட்டாது, செடி நின்ற நிலையிலேயே உலர்ந்துபோகும். கிடைவாட்டில் போட்டால் ஈர மண்ணில் அழுந்திய தண்டெல்லாம் வேர்விடும். இதைச் சொல்லி, முதல் செடியைத் தாமே தோண்டித் தலைகீழாக நிறுத்திக் காட்டினார். மூத்த பெண் இடுப்பில் கைவைத்து அதைச் சுற்றி ஒரு முறை நடந்தார்.

"ஏனுங் சார், செடி என்ன வீட்டுப்பாடம் எழுதிட்டு வரலீங்களா?"

"டீச்சரம்மா ஊட்டுச் செடியாச்சே" என்றார் இன்னொருத்தி. "தலகீழா நிக்க வெச்சாத்தான் புத்தி வரும்."

சிரித்துக்கொண்டே செய்தார்கள்; முறையாகச் செய்தார்கள். முதலில் பின்சுவர். அங்கிருந்து சரிவின் குறுக்கே கொஞ்சம் கொஞ்சமாய்க் கீழிறங்கினோம். உண்ணியிலையைக் கசக்கினால் எழும் காரநெடி கையை விட்டுப் போகாது. சோற்றில் கைவைத்தால் சோற்றிலும் அதே நெடி. கொக்கிபோல் வளைந்த சிறுமுட்கள் புடைவையைப் பற்றினால் கிழியாமல் விடா. நான் தூர்களைத் தோண்டவில்லை. எனக்குத் திறந்துவிட்ட தரையில் கிடந்த சிறுநாற்றுகளைப் பிடுங்கும் பொறுப்பு. ஈரமண்ணிலிருந்து அவை வெண்ணெயில் நூல் இழுத்தாற்போல் வந்தன. ஒரு மாலைக்குள் பழகிப்போகும் வேலை. அதன் சுகமும் அப்படியே.

நண்பகல் உணவுக்குக் கடையிலிருந்து வரும் கடைக்காரர், வீட்டுக்குள் போகுமுன் எல்லையில் நின்று அன்று எவ்வளவு தூரம் வெளிச்சம் ஆகியிருக்கிறது என்று பார்ப்பார். உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வரும்: "சோறு ஆறுது, வாங்க. செடி எங்கயும் எந்திரிச்சு ஓடிப் போயிறாது." பின்சுவரைச் சுற்றி நிலம் வெறுமையான நாளில் அந்த அம்மையார் அங்கே கொடிக்கயிறு கட்டித் துணி உலர்த்தினார். அந்தச் சுவரில் வெயில் பட்டுப் பல்லாண்டுகள் ஆகியிருந்தன. சுண்ணாம்பில் பாசி படர்ந்த பச்சை நிறம் ஒரு வாரத்தில் உதிர்ந்தது.

ஐப்பசி முடிவதற்குள் நிலம் எங்களுக்குத் தெரிந்தது. தரகர் பொய் சொல்லவில்லை. நடுவே மேற்குப்புறத்தில் அகன்ற ஒரு பாறை இருந்தது. ஊர்ப் பந்தி ஒன்றை அதன் மேல் அமர்த்தலாம். பலாக்கள் இருந்தன. காப்பிச்செடிகள் ஒளி தேடித்தேடி மரம்போல் நெடுத்து நின்றன. எங்கு பார்த்தாலும் தலைகீழாய் நிறுத்திய உண்ணிச்செடிகள், மண் ஒட்டிய வேர்களை மேலே காட்டிக்கொண்டு பழுப்பேறிக் காய்ந்துகொண்டிருந்தன.

அந்நிலையில் புதியதொரு தொல்லை வந்தது. கார்த்திகையில் கடைக்காரருடைய தோட்டத்தில் காப்பிப்பழம் சிவக்கத் தொடங்கிய ஒரு விடியலில், அவர் மனைவி, சாலையோரத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, சாரக் கூட்டிட்டு வாங்க. விருந்தாளி வந்துட்டுப் போயிருக்குது."

ஈரமண்ணில் கிண்ணம் கிண்ணமாய்க் குளம்படிகள். காட்டெருமைகள். கீழ்க்காட்டிலிருந்து எங்கள் நிலத்தின் வழியே ஏறி, எல்லையைக் கடந்து, அவர் காப்பிச்செடிகளை முறித்துக்கொண்டு போயிருந்தன. இத்தனை ஆண்டுகளாய் அவை வராததற்குக் காரணம் எங்கள் புதரே என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அதற்குள் நுழைய அவையும் விரும்பியதில்லை.

"கதவ நாமதானுங்க தொறந்து உட்டுட்டோம்" என்றார் கடைக்காரர். முறையிடும் குரலில் அவர் சொல்லவில்லை. தமக்கு வாய்த்தது இதுதான் என்பவர்போல் சிரித்தார். "முன்னால நெருப்புக்குப் பயந்தேன். இப்ப எருமைக்கும் பயப்படணும். ரெண்டுக்கும் சேத்துப் பயப்பட எனக்கு ஒரு மனசுதானுங்க இருக்குது."

கம்பிவேலியைக் காட்டெருமை நூல்போல் அறுத்துவிடும். வழி சொன்னவர் மூத்த பெண். செம்மநத்தத்தில் சாமையும் இராகியும் விதைக்கிற மேட்டுக்காடுகளுக்கு முள் அடைப்பது அவர்கள் வழக்கம். வெட்டிய முட்செடிகளை மார்பளவு உயரத்துக்கு அடுக்கி, கவைக்கம்பால் அழுத்தி, இடைவெளியில்லாமல் கோத்துவிடுவார்கள். பன்றியோ மாடோ மூக்கை வைக்காது. எங்கள் நிலம் முழுக்கக் காய்ந்த உண்ணிச்செடி கிடந்தது. அதைவிட நல்ல முள்ளுக்கு எங்கே போவது?

கடைக்காரர் மகிழ்ந்துபோனார். கடையை அரைநாள் மூடிவிட்டுத் தாமே வந்து நின்று, கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு செடிகளைச் சுமந்தார். காட்டின் ஓரத்தில் தொடங்கி, இரு நிலங்களுக்கும் இடையே எல்லையோடு ஏறி, அவர் வீட்டுப் பின்சுவர்வரைக்கும் ஒரே மதிலாய் முள் எழுந்தது. வேலைக்காரப் பெண்கள் அதைப் பார்த்து, சாமைக்காட்டுக்குக்கூட இத்தனை நெருக்கமாய் அடைத்ததில்லை என்று மெச்சிக்கொண்டார்கள். காட்டெருமைகள் வரவில்லை. ஒரு முறை கீழ்மூலையில் வந்து நின்று, மூச்சு விட்டுவிட்டுத் திரும்பிப் போன தடம் தெரிந்தது. அந்த ஆண்டுக் காப்பி ஒரு கிளையும் முறியாமல் அவர் களத்துக்கு வந்தது.

சாமைக்காட்டு வேலிக்கு ஆயுள் அறுவடைவரைதான். கதிர் அறுத்ததும் தாளில் மாடு மேயவிட வேண்டும் என்பதால் முள்ளைப் பிரித்துவிடுவார்கள்; மார்கழிக்குள் எந்த மேட்டுக்காட்டிலும் முள்வேலி நிற்பதில்லை. காப்பித்தோட்டத்தில் மேய்க்க மாடு இல்லை, எனவே பிரிக்கவும் காரணம் இல்லை. காப்பிப்பழம் பறித்து முடிந்தது, தை பிறந்தது, மாசி வந்தது. வேலி அப்படியே நின்று வெயிலில் இன்னும் காய்ந்தது. அந்த மலையில் முள் அடைத்துப் பழகியவர்களும் தீக்கு அஞ்சிப் பழகியவரும் ஒன்றுகூடி நின்ற இடத்தில், ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

தோன்றிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. முற்பகலில் பலாமரத்தடியில் பெண்கள் மூன்று கல் கூட்டித் தேநீர் வைத்தார்கள். பொழுதெல்லாம் அசையாமல் இருந்த காற்று ஒரு நொடி சுழன்று வீசியது. எரிந்த சருகு ஒன்று எழுந்து, தள்ளாடி, எவ்வித அவசரமும் இல்லாமல் மிதந்துபோய் வேலியின் மேல் அமர்ந்தது.

எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஒலிதான் முதலில் கேட்டது. கை நீட்டும் அகலத்துக்கு வேலி ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது. மூத்த பெண் கையிலிருந்த குவளையை எறிந்துவிட்டு, உட்கார்ந்திருந்த சாக்கோடு பாய்ந்தார். என் கணவர் மண்வெட்டியால் வேலியின் இரு பக்கமும் இழுத்துப் பிரித்தார். மேலிருந்து கடைக்காரருடைய மனைவி ஓடிவந்தார். வந்த வேகத்தில் குடத்தை நீலப் பீப்பாய்க்குள் முக்கி, சரிவில் இறங்கி ஊற்றினார். மறுபடி ஓடினார், மறுபடி முக்கினார். சில குடங்களில் எல்லாம் அடங்கிவிட்டது. கரிந்த குச்சிகளிலிருந்து புகை மட்டும் கிளம்பிக்கொண்டிருந்தது.

பிறகு அந்த அம்மையார் காலிக்குடத்தைப் பார்த்து, "அல்லாவே, டிரம்மத் தொட்டுட்டேன்" என்றார். எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. அச்சம் நீங்கியதும் எழும் சிரிப்புக்கு நிறுத்தம் இல்லை. மூத்த பெண் தரையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சொல்லி அனுப்பியதும் கடைக்காரர் வந்து சேர்ந்தார். கருகிய இடத்தைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து கீழே, வேலி தொடங்கும் காட்டோரத்தைப் பார்த்தார். அங்கிருந்து அவர் கண் வேலியோடு மெல்ல மெல்ல ஏறி வந்து தம் பின்சுவரில் நின்றது.

"திரி போட்டு வெச்சிருக்கோமுங்க, டீச்சரம்மா" என்றார். "காட்டுல ஒரு முனை, எங்கூட்ல ஒரு முனை. நானே தோள்ல சொமந்து வெச்சேன்."

"நானே கோத்தனுங்க" என்றார் மூத்த பெண். "எங்காட்டுல இருந்திருந்தா எப்பவோ பிரிச்சிருப்பேன். இங்க மாடும் இல்ல, மறந்தும் போச்சு."

அன்றே பிரிக்க வேண்டும் என்று கடைக்காரர் துடித்தார். ஆனால் அப்பெண்கள் மறுநாளிலிருந்து வெள்ளக்கடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மிளகு பறிப்பதாய் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மிளகு பழுத்துவிட்டால் காத்திராது. அப்போது எல்லாத் தோட்டங்களிலும் அதே வேலை, ஆள் கிடைக்கவில்லை. அவர்கள் போகுமுன் அன்று மாலைக்குள் பின்சுவரை ஒட்டிய பகுதியை மட்டும் பிரித்துக் கொடுத்தார்கள். எஞ்சியதை நாங்களே செய்வதென்று ஆயிற்று.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. கடைத்தெருவிலிருந்து தம் மைத்துனர்கள் இருவரை அழைத்துக்கொண்டு, தொழுகைக்கு உடுத்திய வெள்ளைச் சட்டையோடேயே வந்துவிட்டார். அவர் மனைவி கதவருகில் நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அந்தச் சட்டையில முள்ளு ஏறுச்சுன்னா நான் தொவைக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

"ஊடு எரிஞ்சா சட்டைய எங்க மாட்டறது?"

"அப்ப அவுத்து வெச்சுட்டுப் போங்க. சட்டையாவது மிஞ்சட்டும்."

பிரித்த முள்ளை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மாசி வெயிலில் கொளுத்த முடியாது. வேறு எங்கே குவித்தாலும் அங்கிருந்து இன்னொரு திரி தொடங்கும். என் கணவர் பாறையைச் சுட்டினார். சுற்றிலும் புல்லும் மண்ணும் குறைந்த, வெறுங்கல்லாய்க் கிடந்த இடம் அது ஒன்றே. கவைக்கம்பில் கோத்து, இருவர் இருவராய்ச் சுமந்து, பாறையின் நடுவில் கொண்டுபோய்க் குவித்தோம். அன்று முடியவில்லை; அடுத்து வந்த நாள்களில், கடைக்காரர் நண்பகல் உணவுக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாய்ச் சுமந்தார். முடிந்ததும் வேலி நின்ற கோட்டைத் துடைப்பத்தால் பெருக்கினார். ஒரு குச்சி இல்லை, ஒரு சருகு இல்லை. கோலம் போடலாம் என்று நான் சொன்னேன்.

பங்குனியில் தீ வந்தது. பிற்பகல், வானம் வெளுத்துக் கிடந்தது. முதலில் அந்த அம்மையாரே கீழ்க்காட்டில் புகையைக் கண்டார். அவர் கைபேசியில் கணவரை அழைத்துப் பேசிய சொற்கள் எல்லைக்கு இப்பால் எனக்குத் தெளிவாகக் கேட்டன: "வாங்க. பதறாம வாங்க. வளைவுல பாத்து வாங்க."

பச்சைக் கொப்புகளோடு வனக்காவலர்கள் சிலர் கீழ்ப்பக்கத்தில் ஏற்கெனவே நின்றார்கள். தீ அவர்களையும் சுற்றிக்கொண்டு எங்கள் நிலத்தின் கீழ்விளிம்பைத் தொட்டது. நாங்கள் கொப்புகளை ஒடித்துக்கொண்டு இறங்கினோம். முந்தைய ஆண்டாய் இருந்திருந்தால் இறங்க இடமே இருந்திராது. இப்போது புதர் நின்ற இடத்தில் காய்ந்த புல் மட்டும் இருந்தது. தீ அதில் முழங்கால் உயரத்துக்கு மேல் எழவில்லை. ஏற்றத்தில் அது நம்மை நோக்கி வரும்போது பார்க்கப் பெரிதாய்த் தெரியும். கொப்பால் ஓங்கி அடித்தால் அணைந்துவிடும். அடித்தோம். வந்த திசையெல்லாம் அடித்தோம். கடைக்காரர் வந்து சேர்ந்து வண்டியைச் சாலையிலேயே சாய்த்துவிட்டு ஓடி வந்தபோது, தீ அவர் தோட்டத்தின் பக்கமாய்த் திரும்பி, வேலி நின்ற வெறுங்கோட்டின் விளிம்பில் சிறுத்து, தின்ன ஒன்றும் கிடைக்காமல் புகைந்துகொண்டிருந்தது. அவர் காலால் மண்ணைத் தள்ளி அதை மூடினார்.

அப்போதுதான் மேற்கே அந்த ஒலி கேட்டது.

எந்தப் பொறி எப்போது பறந்ததோ, பாறையின் மேல் குவித்த முள் பற்றிக்கொண்டது. கடுகு வெடிக்கும் அதே ஒலி, நூறு வாணலிகளில் ஒருசேர. சுடர் பலாமரத்தின் உயரத்துக்கு எழுந்தது. அத்தனை தொலைவிலும் முகத்தில் வெப்பம் அறைந்தது. வனக்காவலர்களும் கொப்பைத் தாழ்த்திவிட்டு நின்று பார்த்தார்கள். அணைக்க எவரும் போகவில்லை. போயும் பயன் இல்லை, போகவேண்டிய தேவையும் இல்லை. வெறுங்கல்லின் நடுவே எரிந்தது அது, எரிந்து தாழ்ந்தது, தாழ்ந்து சாம்பலாயிற்று.

கடைக்காரர் நின்ற இடத்திலேயே தரையில் அமர்ந்துவிட்டார்.

"அது இங்க இருந்திருந்தா..." என்று தொடங்கினார்.

"அங்கதானே இருக்குது" என்றார் அவர் மனைவி. "எந்திரிங்க. எல்லாருக்கும் டீ வெக்கறேன்."

இஞ்சி தட்டிப் போட்ட அந்தத் தேநீரை, கரி படிந்த கைகளோடு அவர் பின்சுவர் நிழலில் நின்று குடித்தோம். என் கணவருக்குப் புருவம் கருகியிருந்தது. பார்த்துப் பார்த்துச் சிரித்தேன். எங்கள் செடியால் அந்த வீட்டுக்கு ஒன்றும் நேரவில்லை. அந்த எண்ணம் தேநீரோடு உடம்பில் இறங்கியபோது உறக்கம் வருவதுபோல் இருந்தது.

சித்திரையில் கோடைமழை பெய்தது. அடுத்த சில நாள்களில் அவர் தோட்டத்துக் காப்பிச்செடிகள் வெள்ளையாய்ப் பூத்து மலையே மணத்தது. கருகிய எங்கள் சரிவிலும் பச்சை தலைகாட்டியது. அதில் புல் எது, உண்ணி எது என்று குனிந்து பார்த்துப் பிரிக்க வேண்டியிருந்தது. மண்ணுக்குள் எத்தனை ஆண்டு விதை உறங்குகிறதோ, அறியேன். போதாததற்குக் கொண்டைக்குருவிகள் எங்கிருந்தோ உண்ணியின் கருநிறப் பழத்தைத் தின்றுவிட்டு வந்து எங்கள் மரங்களில் அமர்ந்து எச்சமிட்டன. ஆனால் நாற்றாய் இருக்கும் உண்ணி ஒரு பொருட்டன்று. மழைக்காலத்தில் மாலைதோறும் ஒரு சுற்று. இரு விரலால் பற்றி இழுத்தால் வேரோடு வந்துவிடும். மூத்த பெண் வேலைக்கு வரும்போதெல்லாம் கேட்பார்: "ஏனுங்கம்மா, இப்பவும் தலகீழாத்தான் வெக்கறீங்களா?" பழக்கத்தில் நான் சுண்டுவிரல் நீளச் செடியையும் தலைகீழாகவே வைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டெருமைகள் மறுபடி வந்தன. கடைக்காரர் வேலி கேட்கவில்லை. பழம் சிவக்கும் நாள்களில் விடியலில் எழுந்து, ஒரு தகரத்தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டு தோட்டத்தில் ஒரு நடை போவார். "எருமையைச் சத்தம் போட்டுத் தொரத்தலாமுங்க. நெருப்பு அதட்டினாப் போகுமா?" என்பார். தட்டொலியில் எங்களுக்கும் விழிப்புத் தட்டிவிடும், நாங்கள் முறையிட்டதில்லை.

அடுத்த மாசியில் ஒரு நண்பகல், பலாப்பிஞ்சு கொடுப்பதற்காக அவர்கள் வீட்டுப் பின்புறம் போயிருந்தேன். அந்த அம்மையார் குளிர்காலத்துப் போர்வைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தார். குடம் நீலப் பீப்பாய்க்குள் இறங்கி இறங்கி ஏறியது. ஒரு பீப்பாய் ஏற்கெனவே பாதியாய்க் குறைந்திருந்தது. நனைத்த சாக்குகள் ஈரம் வற்றி, துவைக்கும் கல்லுக்குக் கீழே கால்மிதியாய்க் கிடந்தன.

அந்நேரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்காரர் உணவுக்கு வந்தார். மூலையைத் திரும்பியதும் நின்றார். அவர் மனைவியும் குடத்தைப் பீப்பாய்க்குள் பிடித்தபடி நிறுத்தினார். என்னைப் பார்த்துக் கண்ணால் சிரித்தார். கடைக்காரர் பீப்பாயைப் பார்த்தார். பிறகு சரிவைப் பார்த்தார். பாறைவரை, அதற்கும் கீழே காட்டோரம்வரை, ஒன்றும் மறைக்காமல் தெரிந்தது.

"போர்வைய நல்லாப் பிழிஞ்சு போடு" என்றார். "வெயில் எறங்கறதுக்குள்ள காயட்டும்."

சொல்லிவிட்டு, கைகழுவ ஒரு சொம்பு நீரை அதே பீப்பாயிலிருந்து மொண்டுகொண்டு, உள்ளே உண்ணப் போனார்.